பருவகாலத்திற்கு முந்திய பயிற்சியும் வீரர் ஒழுங்கும்

உதைபந்தாட்டம் பார்க்கச் செல்லும் நாம் 90 நிமிட நேர ஆட்டத்தை மாத்திரமே காண்கின்றோம். கோல் விழுந்தால் ஆரவாரம் செய்கின்றோம். விழாவிடின் வீரரைக் குறை கூறிக்கொண்டு வீடு திரும்புகின்றோம். ஆனால், அந்த 90 நிமிடங்களில் நிகழ்வனவற்றிற் பெரும்பகுதி, பார்வையாளர் எவருமில்லாத மைதானங்களிலே பல வாரங்களுக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. விதைப்புக்கு முன் நிலத்தைப் பண்படுத்தாத கமக்காரன் அறுவடைக் காலத்தில் மழையை நொந்து பயனில்லை. போட்டிப் பருவம் தொடங்குமுன் நடைபெறும் ஆயத்தப் பயிற்சியைப் பற்றியும், அக்காலத்திலே வீரரிடம் வேரூன்ற வேண்டிய ஒழுங்கைப் பற்றியும், நெடுங்காலமாக இவ்வாட்டத்தில் ஈடுபாடு கொண்ட ஓர் இரசிகன் என்ற முறையில் சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

முதலில், இந்த ஆயத்தப் பயிற்சி யாது என்பதை விளக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் லீக் போட்டிகள் வழக்கமாக ஓகஸ்ட் மாதத்தில் ஆரம்பித்து அடுத்த ஆண்டு மே மாதத்தில் முடிவடைகின்றன. அதன் பின்னர் வீரர்களுக்குச் சில வாரங்கள் ஓய்வு. மீண்டும் ஜூலை மாதத்தில் கழகத்திற்குத் திரும்பி, ஏறக்குறைய ஆறு வாரங்கள் வரை பயிற்சி பெறுகின்றனர். ஓய்வு நாட்களிலே உடல் தன் வன்மையிற் சிறிதை இழந்து விடுகின்றது. இருதயமும் சுவாசப்பைகளும் நீண்ட நேர ஓட்டத்திற்கு ஈடுகொடுக்கும் ஆற்றல் குறைகின்றது. தசைகள், திடீரெனப் பாய்ந்து ஓடுதலையும் சட்டென நின்று திரும்புதலையும் தாங்கும் பழக்கத்தை இழக்கின்றன. இந்நிலையில் ஒருவனை நேரே போட்டிக்குள் இறக்கினால், அவன் களைப்படைவது மாத்திரமன்று. தசை கிழிந்து பல வாரங்கள் ஆடமுடியாத நிலையையும் அடையக்கூடும்.

ஆகவே பயிற்சி படிப்படியாக அமைகின்றது. முதலில் உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஓட்டமும் தேகாப்பியாசமும் நடைபெறும். அடுத்துப் பந்துடன் கூடிய பயிற்சியும், அணியாக நின்று தாக்குதலையும் காத்தலையும் ஒத்திகை பார்த்தலும் நடைபெறும். இறுதியாகச் சிநேகபூர்வ ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் அரைவாசி நேரம் ஆடிய வீரன், பின்னைய ஆட்டங்களில் முழு நேரமும் ஆடுமளவிற்கு உயர்த்தப்படுகின்றான். இவ்வாட்டங்களின் முடிவுகளை வைத்து அணியொன்றை மதிப்பிடுதல் பொருந்தாது. பரீட்சைக்கு முன் மாணவன் தன் பயிற்சிக் கொப்பியில் எழுதி அடித்த கணக்கிற்கு எவரும் புள்ளி இடுவதில்லை. ஆனால், அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்க்கும் ஆசிரியருக்கு மாணவன் எங்கே தடுமாறுகின்றான் என்பது தெரிந்துவிடும்.

இத்துறையிலே தனி வழி கண்டவர் லிவர்பூல் கழகத்தின் முகாமையாளராயிருந்த பில் ஷாங்க்லி. 1959 டிசெம்பரில் அவர் பொறுப்பேற்றபோது அக்கழகம் இரண்டாம் பிரிவிலே கிடந்தது. வீரர்களை வீதிகளிலே மைல் கணக்காக ஓடவிடுவதை அவர் விரும்பவில்லை. பந்தோடும் புற்றரையோடுமே பயிற்சி அமைய வேண்டும் என்றார். பக்கத்துக்கு ஐவராகப் பிரிந்து ஆடும் சிற்றாட்டங்கள் அவருடைய முறையின் உயிர்நாடி. இன்னொரு வழக்கத்தையும் அவர் கைக்கொண்டார். வீரர்கள் அன்ஃபீல்ட் மைதானத்திலேயே உடைமாற்றிப் பேருந்தில் மெல்வூட் பயிற்சிக் களத்திற்குச் செல்வர். பயிற்சி முடிந்ததும் அங்கேயே குளித்து உண்ணாமல், மீண்டும் பேருந்தில் திரும்பிவந்தே குளித்து உணவருந்துவர். சூடேறிய உடல் மெல்லத் தணிவதற்கு அவகாசம் வேண்டும் என்பதே அவரது கருத்து. 1965-66ஆம் ஆண்டுப் பருவத்தில் லிவர்பூல் லீக் வாகையைச் சூடியபோது, பருவம் முழுவதிலும் களமிறங்கிய வீரர் தொகை 14 மாத்திரமே. காயங்கள் குறைவாயிருந்ததற்குப் பயிற்சி முறையும் ஒரு காரணம் எனக் கொள்வது தவறாகாது.

இங்கே ஒழுங்கு என்பது எவ்வாறு அமைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குறித்த நேரத்தில் வருதல், ஒரே பேருந்தில் செல்லுதல், ஒருங்கே உண்ணுதல் ஆகிய சிறு வழக்கங்களே பின்னர் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் ஒருவன் மற்றவனுக்காக ஓடும் குணமாக மலர்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் பழமொழி. கொடி ஒரே நாளில் திரள்வதில்லை.

ஒழுங்கு குலைந்தால் விளைவது யாது? அதனையும் ஆயத்தக் காலத்து ஆட்டம் ஒன்றே உலகிற்குக் காட்டிற்று. 1974ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி, வெம்பிளி மைதானத்தில் லீக் வெற்றியாளரான லீட்ஸ் யுனைட்டட்டும் கிண்ண வெற்றியாளரான லிவர்பூலும் தர்மக் கேடயத்துக்காக மோதின. பருவத்தின் தொடக்க விழாப் போல அமைய வேண்டிய ஆட்டம் அது. ஓய்வுபெற்றுவிட்ட ஷாங்க்லி கடைசி முறையாகத் தம் அணியை மைதானத்திற்கு அழைத்து வந்தார். லீட்ஸ் அணியை அழைத்து வந்தவர் புதிய முகாமையாளர் பிறையன் கிளவ்.

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே கரடுமுரடாக இருந்தது. இரண்டாம் பாதியில் லீட்ஸ் வீரர் ஜொனி ஜைல்ஸ் லிவர்பூல் வீரர் கெவின் கீகனைத் தாக்கினார். மத்தியஸ்தர் அவரை எச்சரித்துப் பெயரைக் குறித்துக்கொண்டார். சற்று நேரத்தில் கீகனும் லீட்ஸ் தலைவர் பில்லி பிறெம்னரும் கைகலந்தனர். இருவரும் வெளியேற்றப்பட்டனர். வெளியேறும்போது இருவருமே தாம் அணிந்திருந்த கழகச் சட்டைகளைக் கழற்றி எறிந்தனர். 1-1 என முடிந்த ஆட்டத்தைத் தண்டனை உதைகளால் லிவர்பூல் 6-5 என வென்றது. ஆனால், அந்த வெற்றியை இன்று நினைவுகூருவார் சிலரே. எறியப்பட்ட சட்டைகளையே யாவரும் நினைவில் வைத்திருக்கின்றனர்.

உதைபந்தாட்டச் சங்கம் இருவருக்கும் 500 பவுண் அபராதமும், 11 ஆட்டங்களில் ஆடத் தடையும் விதித்தது. கைகலப்பிலும் பார்க்கச் சட்டையை எறிந்த செயலே தண்டனையின் பாரத்தைக் கூட்டிற்று. இதிலே ஒரு நியாயம் உண்டு. சினத்தால் கை நீளுவது ஒரு கணத்தின் பலவீனம். சட்டையைக் கழற்றி எறிவதோ, தன் கழகத்தையும், மைதானத்தையும், பார்த்திருக்கும் சிறுவர்களையும் ஒருசேர அவமதிப்பதாகும்.

தண்டனையின் சுமையைத் தாங்கியவர்கள் இவ்விருவரும் மாத்திரமல்லர். லீட்ஸ் அணி, அதற்கு முந்திய பருவத்தில் 29 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி காணாத அதே அணி, புதிய பருவத்தின் முதல் ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றையே வென்றது, மூன்றில் தோற்றது. பொறுப்பேற்ற 44 நாட்களில், செப்டெம்பர் 12ஆந் திகதி கிளவ் பதவி நீக்கப்பட்டார்.

எனினும், பழி முழுவதையும் தலைவரின் தலைமேற் சுமத்துவது நேர்மையாகாது. கிளவ் முன்னர் டார்பி கவுண்டியை 1972இல் லீக் வெற்றியாளராக்கியவர், திறமை மிக்கவர். ஆனால், லீட்ஸ் அணியின் முரட்டு ஆட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பகிரங்கமாகக் கண்டித்து வந்தவரும் அவரே. ஜூலைப் பிற்பகுதியில் வந்தவர், வந்தவுடனேயே அவ்வீரர்கள் பெற்ற பதக்கங்கள் நேர்வழியில் வந்தவையல்ல எனப் பொருள்படப் பேசினார். கண்டனத்தில் உண்மை இருந்திருக்கலாம். ஆயினும், நம்பிக்கை பிறவாத இடத்தில் கண்டனம் திருத்தமாக மாறுவதில்லை, வெறுப்பாகவே மாறுகின்றது. அதே கிளவ் 1975 ஜனவரியில் இரண்டாம் பிரிவிலிருந்த நொட்டிங்காம் ஃபொரஸ்ட் கழகத்தை ஏற்று, பொறுமையாக அணியைக் கட்டியெழுப்பி, 1978இல் லீக் வெற்றியையும், 1979, 1980ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தையும் பெற்றுக் கொடுத்தார். அக்கழகம் நடுவருக்கு மறுபேச்சுப் பேசாத நல்லொழுக்கத்திற்கும் பேர்பெற்று விளங்கியது. ஆளும் கொள்கையும் மாறவில்லை; கிடைத்த காலமும் பிறந்த நம்பிக்கையுமே மாறின.

ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது வீரரின் கடமையை மாத்திரம் பேசி நிறுத்திவிடுவது நம்மிடையே உள்ள ஒரு வழக்கம். அதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை 2002ஆம் ஆண்டின் சைப்பான் விவகாரம் உணர்த்துகின்றது. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு முன், அயர்லாந்துக் குடியரசின் அணி பசிபிக் சமுத்திரத்திலுள்ள சைப்பான் தீவில் ஆயத்த முகாம் அமைத்தது. வீரர் போய்ச் சேர்ந்தபோது பயிற்சிக்கான பந்துகளும் உபகரணங்களும் வந்து சேரவில்லை. மைதானமோ கல்லுப்போல் இறுகிக் கிடந்தது. அணித்தலைவர் றோய் கீன் இதனைப் பொறுக்கவில்லை. உலகின் மிகப் பெரிய போட்டிக்கு இவ்வாறா ஆயத்தஞ் செய்வது என்று கேட்டார். பத்திரிகைக்கும் தம் குறைகளைத் தெரிவித்தார். முகாமையாளர் மிக் மக்காத்தி, அணியினர் யாவரும் கூடியிருந்த இடத்தில் அதுபற்றி வினவினார். கீன் கடுஞ்சொற்களால் அவரை ஏசினார். முடிவில் தலைவர் வீட்டிற்கு அனுப்பப்பட்டார்.

அவரின்றி ஆடிய அயர்லாந்து, கமரூனுடனும் ஜேர்மனியுடனும் சமநிலை கண்டு, சவூதி அரேபியாவை 3-0 என வென்று, இரண்டாஞ் சுற்றில் ஸ்பெயினிடம் தண்டனை உதைகளாலேயே தோற்றது. பின்னர் நடத்தப்பட்ட சுயாதீன விசாரணை, ஆயத்தங்களில் குறைபாடுகள் இருந்தன என்று எடுத்துக் காட்டியது. அயர்லாந்துச் சங்கத்தின் பொதுச் செயலாளர் பதவி விலகினார்.

யார் சரி, யார் பிழை? அயர்லாந்து மக்கள் இவ்வினாவால் இரண்டு கட்சிகளாகப் பிரிந்தனர். என் எண்ணத்தில், கீன் சொன்ன விடயம் நியாயமானது. சொன்ன முறை நியாயமற்றது. பந்து கொடாத நிருவாகம் பயிற்சியைக் கேட்பதற்கு உரிமை இழக்கின்றது. அதேவேளை, முகாமையாளரைச் சபையில் தூற்றிய பின், எத்துணைச் சிறந்த வீரனாயினும் அவனை அணியில் வைத்துக்கொண்டால், எஞ்சிய இருபத்திரண்டு பேரிடம் ஒழுங்கைக் கோரும் உரிமையை முகாமையாளரும் இழந்து விடுவார். மக்காத்திக்கு வேறு வழியிருக்கவில்லை. ஆனால், அந்த முறைப்பாட்டைச் சபையிற் கிளறாமல் தனியறையிற் கேட்டிருப்பின், அந்நிலை வந்தேயிராது.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். விதிகள் பருவம் தொடங்குமுன்னரே யாவர்க்கும் விளங்கச் சொல்லப்பட வேண்டும். குற்றம் நடந்த பின் ஆக்கப்படும் விதி பழிவாங்கலாகவே தோன்றும். அவ்விதி தலைவனுக்கும் புதிதாய் வந்த இளைஞனுக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வீரரிடம் கேட்பதை நிருவாகம் முதலில் தானே செய்து காட்ட வேண்டும். யாவற்றிலும் மேலாக, தண்டனை நிறைவேறியதும் கணக்கு மூடப்பட வேண்டும். பதினொரு ஆட்டங்கள் வெளியேயிருந்த கீகன், 1978, 1979ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். இங்கிலாந்தின் தலைவராகவும் விளங்கினார். பிறெம்னர் 1985இல் அதே லீட்ஸ் கழகத்தின் முகாமையாளரானார். கீனும் 2004இல் அயர்லாந்து அணிக்கு மீண்டு வந்தார். தண்டித்தலின் நோக்கம் மனிதனை மீட்டெடுத்தலேயன்றி அவனை இழத்தலன்று.

இரசிகராகிய நமக்கும் இதிலே பங்குண்டு. நமக்கு விருப்பமான வீரன் பயிற்சிக்கு வராவிடினும், நடுவரை ஏசினாலும், கோல் அடிக்கின்றான் என்பதற்காக நாம் அவனை மன்னித்து விடுகின்றோம். எதிரணி வீரன் அதையே செய்தால் அவனை ஆயுள்வரை தடைசெய்யக் கோருகின்றோம். பாடசாலை அதிபர் என்ற முறையில் இம்மனப்பான்மையை நான் அடிக்கடி காண்கின்றேன். மாலைப் பயிற்சிகளுக்கு ஒழுங்காக வராத கெட்டிக்கார மாணவன் ஒருவனைப் போட்டிக்குத் தெரிவு செய்யாதுவிட்டால், பெற்றார் வருவர், பழைய மாணவர் வருவர், ஊர்ப் பெரியவர்களும் வருவர். “அவன் இல்லாவிட்டால் தோற்றுப் போவோமே, சேர்!” என்பர். அவர்கள் கூறுவது பெரும்பாலும் உண்மையே. தோற்கவும் கூடும். ஆனால், மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் வந்து, இடங்கிடைக்குமா என்று காத்திருக்கும் மற்றொரு பையனைப் பற்றி அவர்களில் எவரும் கேட்பதில்லை. கெட்டிக்காரனை ஏற்றுக்கொண்டு அவனை ஒதுக்கினால், உழைப்புக்குப் பயனில்லை என்ற பாடத்தையன்றோ நாம் அவனுக்குக் கற்பிக்கின்றோம்? அப்பாடத்தை அவன் மைதானத்தோடு விட்டுவிட மாட்டான். வாழ்நாள் முழுதும் சுமந்து செல்வான்.

ஆகவே, அடுத்த பருவத்தில் நீங்கள் விரும்பும் அணி முதல் ஆட்டத்திற்கு இறங்கும்போது, எத்தனை கோல் அடிக்கின்றது என்பதை மாத்திரம் பாராதீர்கள். எழுபதாவது நிமிடத்தின் பின்னரும் வீரர் ஒருவருக்காக ஒருவர் ஓடுகின்றனரா, நடுவரின் தீர்ப்புத் தமக்கு மாறாயிருக்கும்போது எவ்வாறு நடந்துகொள்கின்றனர், மாற்றப்பட்ட வீரன் எந்த முகத்தோடு வெளியே வருகின்றான் என்பவற்றையும் கவனியுங்கள். அந்த அணி தன் ஆயத்த வாரங்களை எவ்வாறு கழித்தது என்பதை அவை உங்களுக்குச் சொல்லிவிடும்.