நீல மூடிக் குழாய் சொல்வதும் சொல்லாததும்

கர்ப்பிணியின் ரத்தம் மற்றவர்களுடையதைவிடச் சுலபமாக உறையும். பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் பெருகும் ரத்தத்தை அடைக்க உடல் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. உறைவுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் வழக்கமாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் இருக்கும்; நிறைமாதத்தில் 600 வரை போனாலும் கவலையில்லை. உறைவு கரைவதைக் காட்டும் டி-டைமரும் ஏறும்.

இப்படி எல்லாமே மாறிக் கிடக்கும் ரத்தத்தில்தான் பிரீ-எக்லாம்சியாவின் தடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதம் ஒழுகுவது அல்லது கல்லீரல், சிறுநீரகம் போன்றவை பாதிக்கப்படுவதுதான் இந்த நோய். சரியாக ரத்தம் கிடைக்காத நஞ்சுக்கொடி வெளிவிடும் பொருள்கள் தாயின் ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. புண் பட்ட இடத்தில் தட்டணுக்கள் போய் ஒட்டிச் செலவாகின்றன. அப்படியானால் உறைதல் சோதனை முன்பே காட்டிக்கொடுக்க வேண்டுமே?

சோதனை எளிது. நீல மூடிக் குழாயில் உள்ள சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துவைத்து உறைவைத் தடுக்கிறது. ஆய்வகத்தில் பிளாஸ்மாவைப் பிரித்து, 37 டிகிரி சூட்டில் கால்சியத்தையும் உறைவைத் தூண்டும் பொருளையும் சேர்த்து நொடிகளை எண்ணுகிறார்கள். சில இயந்திரங்களில் காந்தப்புலத்தில் ஒரு குட்டி எஃகுக் குண்டு ஆடிக்கொண்டிருக்கும். பிளாஸ்மா உறைந்ததும் அது நின்றுவிடும். பி.டி. (புரோத்ராம்பின் நேரம்) சோதனைக்குச் சுமார் 11 முதல் 13 நொடி. குழாயைக் குறையாக நிரப்பினால் இந்தக் கணக்கே பொய்யாகும்.

முன்கணிப்பில் மட்டும் இது தோற்றுவிடுகிறது. நோய் வரப்போகிறவருக்கும் வராதவருக்கும் எண்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

கைகொடுப்பது, டெங்கு புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிளேட்லெட், அதாவது தட்டணு எண்ணிக்கைதான். அதுவும் நோய் வந்த பின்பு. 1 லட்சத்துக்குக் கீழே போனால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். சிவப்பணுச் சிதைவும் கல்லீரல் பாதிப்பும் சேர்ந்தால் அது ‘ஹெல்ப்’ (HELLP). 1982-இல் லூயிஸ் வைன்ஸ்டைன் வைத்த பெயர். சாதாரணக் கர்ப்பத்திலும் தட்டணுக்கள் கொஞ்சம் குறையும் என்பதால், ஒரே ஒரு ரிப்போர்ட்டைவிட அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளே பேசும்.

முன்கூட்டியே அறிய இன்று நம்புவது நஞ்சுக்கொடிப் புரதமான பி.எல்.ஜி.எஃப்., கருப்பைத் தமனி டாப்ளர் ஸ்கேன், தாயின் பி.பி., முந்தைய பிரசவ விவரங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் போடும் கணக்கைத்தான். ஆனால் அதில் ஆபத்து தெரிந்தவருக்குக் கொடுக்கும் மருந்து, தட்டணுக்களை அடக்கும் ஆஸ்பிரின்! 2017-இல் வெளியான ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில் 11–14 வாரத்திலிருந்து 36 வாரம் வரை தினம் இரவு 150 மில்லிகிராம் தரப்பட்டது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வேண்டிய அளவுக்கு முற்றும் பிரீ-எக்லாம்சியா, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 சதவீதம்.