நின்ற ஊசி மீண்டும் ஓடிய கதை

பனியன் நகரம் என்று பெயர் பெற்ற திருப்பூரில் சனிக்கிழமை மாலை ஒரு தனிப் பொழுது. வாரக் கூலி கைக்கு வருவது பெரும்பாலும் அன்றுதான். மளிகைக் கடைப் பாக்கி, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகிய அனைத்தும் அந்த மாலையை நம்பியே இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் கொரோனாக் கொள்ளைநோயை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அந்தச் சனிக்கிழமை மாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுங்கையுடன் கழிந்தன.

ஆயினும் அதே திருப்பூர், 2021-22 நிதியாண்டில் 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பின்னலாடைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அதுவரை அந்நகரம் காணாத அளவு அது. வீழ்ந்த ஊர் இத்துணை விரைவில் எழுந்தது எங்ஙனம்? எழுந்தவர் எல்லாரும் ஒன்றாகவே எழுந்தார்களா? இவ்விரு வினாக்களையும் நாம் சற்று ஆராய்வோம்.

ஓர் ஆடை, பல கைகள்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உடையது. முதலில் உள்நாட்டுக்குப் பனியன் நெய்த ஊர், 1970-களின் இறுதியில் இத்தாலிக்கு ஆடை அனுப்பத் தொடங்கியது. பின்னர் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதன் பெருஞ் சந்தைகளாயின.

இத்தொழிலின் தனித்தன்மை யாதெனில், ஓர் ஆடை முழுவதும் ஒரே கூரையின்கீழ் உருவாவது குறைவு. நூல் ஓரிடத்திலிருந்து வருகிறது. நிட்டிங் இயந்திரத்தில் துணியாவது மற்றோரிடம். சாயம் ஏறுவது சாயப்பட்டறையில். அச்சிடுதல், எம்பிராய்டரி, வெட்டுதல், தைத்தல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொரு படிக்கும் தனித்தனி முதலாளிகளும் தொழிலாளரும் உண்டு. லேபிள் நெய்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஆகியோரும் இச்சங்கிலியின் கண்ணிகளே. கம்பெனி வாசலில் தேநீர் விற்பவரையும் நாம் விட்டுவிடுதல் ஆகாது.

இவ்வமைப்பினால் சிறு முதல் உடையவரும் தொழில் தொடங்க முடிகிறது. அதே காரணத்தால், சங்கிலியின் ஒரு முனை அறுந்தால் மறுமுனை வரை அதிர்கிறது.

மூன்று பக்கமும் விழுந்த அடி

2020 மார்ச்சில் அந்த அதிர்ச்சி மூன்று பக்கங்களிலிருந்தும் வந்தது. முதலாவதாக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆடைக் கடைகள் மூடப்பட்டன. கொடுத்த ஆர்டர்கள் நிறுத்தப்பட்டன. சில திரும்பப் பெறப்பட்டன. தைத்து முடித்த சரக்கும் பெட்டிகளில் தேங்கியது. இரண்டாவதாக, பணச் சுழற்சி நின்றது. வெளிநாட்டார் பணம் தராவிட்டால் ஏற்றுமதியாளர் சாயப்பட்டறைக்குத் தரமாட்டார். அவர் தைப்பவருக்குத் தரமாட்டார். மூன்றாவதாக, உழைக்கும் கைகள் ஊரை விட்டுப் புறப்பட்டன.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே திரளாக உழைக்கின்றனர். மதுரை, தேனி, திண்டுக்கல் போன்ற நம் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தோரும் பலர். வேலையின்றி, வாடகை அறையில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு ஊர் நினைவு வந்ததில் வியப்பில்லை. 2020 மே முதல் நாள் தொடங்கிய சிறப்பு ரயில்களில் வட மாநிலத்தார் பெருந்திரளாகத் திரும்பினர். அதே மாதத்தில் ஆலைகள் படிப்படியாகத் திறந்தபோது இயந்திரம் இருந்தது, இயக்குவோர் குறைந்திருந்தனர்.

எழுந்தது எவ்வாறு?

முதற்கண் உலகின் தேவை மாறியதை நாம் குறிக்க வேண்டும். வீட்டிலிருந்தே அலுவல் பார்த்த மக்களுக்குக் கோட்டும் சூட்டும் தேவைப்படவில்லை. வீட்டில் அணியும் மென்மையான பின்னலாடைகளே தேவைப்பட்டன. திருப்பூர் ஆண்டாண்டாகத் தைத்து வந்தது அதுவேயன்றோ! குழந்தைகள் வளர்வதும் கொள்ளைநோய்க்காக நிற்பதில்லை; குழந்தை ஆடைகளுக்கும் தேவை இருந்தது.

இரண்டாவதாக, ஊர் தன் திறமையை விரைந்து வேறு வழியில் திருப்பியது. பனியன் தைத்த மேசைகளில் முகக்கவசங்களும் மருத்துவப் பாதுகாப்பு உடைகளும் தைக்கப்பட்டன. அந்த இடைக்கால வேலை பல அலகுகள் கூலி கொடுத்துக் கதவைத் திறந்து வைக்க உதவியது.

மூன்றாவதாக, கடன் வசதி. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க இசைந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் மத்திய அரசு 3 லட்சம் கோடி ரூபாய் அளவிலான அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. 2020 பிப்ரவரி 29-ஆம் நாள் நிலுவையிலிருந்த கடனில் 20 சதவீதம் வரை, புதிய ஈடு ஏதுமின்றி, அரசின் முழு உத்தரவாதத்துடன் வங்கிகள் கூடுதலாகக் கடன் கொடுத்தன. முதலைத் திருப்பிச் செலுத்த ஓராண்டு பொறுத்திருக்கலாம். மொத்தத் தவணைக் காலம் 4 ஆண்டுகள். கூலிக்கும் நூலுக்கும் பணம் இல்லாது திகைத்த பல நிறுவனங்களை இத்திட்டம் தாங்கிப் பிடித்தது என்பதில் ஐயமில்லை.

2020-21-இல் ஏற்றுமதி குறைந்து ஏறத்தாழ 25 ஆயிரம் கோடி ரூபாய் அளவில் நின்றது. பேரிடர் ஆண்டில் அவ்வளவு நின்றதே பெரிது. மறு ஆண்டில் நிகழ்ந்த ஏற்றத்தை முன்னரே கூறினோம்.

கணக்கில் வராத குடும்பம்

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். நாலைந்து தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவன் ஓவர்லாக் ஓட்டுகிறார். மனைவி செக்கிங் பார்க்கிறார். உறவுப் பெண்கள் இருவர் உதவிக்கு. இயந்திரம் வாங்கியது நகையை அடகு வைத்து; நடைமுறைச் செலவுக்குத் தனியார் வட்டிக்கடன். இத்தகைய குடும்பங்கள் திருப்பூர்த் தெருக்களில் பலவுண்டு.

மேற்சொன்ன திட்டம் இக்குடும்பத்திற்கு என்ன செய்யும்? வங்கியில் 50 லட்சம் கடன் உள்ளவருக்கு 10 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும். 5 லட்சம் உள்ளவருக்கு ஒரு லட்சம். வங்கிக் கடனே இல்லாதவருக்கு? பூச்சியத்தில் 20 சதவீதம் பூச்சியமே. உதவியின் அளவுகோல் தேவையாக இராமல் பழைய கடனாக இருந்தமையால், மிகவும் தேவைப்பட்டோர் சிலர் வாசலிலேயே நின்றுவிட்டனர்.

தவணை ஒத்திவைப்பிலும் ஒரு நுட்பம் இருந்தது. தவணைதான் தள்ளிப்போயிற்று, வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டிமேல் ஏறிய வட்டியை மட்டும் 2020 நவம்பரில் அரசு ஈடு செய்தது. தனியாரிடம் கடன் பெற்றோருக்கோ இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை.

சுமை அத்துடன் நிற்கவில்லை. 2021-இல் இரண்டாம் அலை வந்தது. அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள் தமிழகத்தில் ஊரடங்கு தளர்த்தப்பட்டபோது, நோய் மிகுந்த 11 மாவட்டங்களுக்குக் குறைந்த தளர்வுகளே கிடைத்தன. திருப்பூரும் அவற்றுள் ஒன்று. அதன்பின் பஞ்சு விலை ஏறத் தொடங்கி, 356 கிலோ கொண்ட ஒரு கண்டி 2022 மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நூல் விலை உயர்வைக் கண்டித்து அம்மாதம் 16, 17 ஆகிய நாட்களில் திருப்பூரே கதவடைத்தது. ஏற்றுமதித் தொகை உயர்ந்ததில் விலையேற்றத்திற்கும் பங்குண்டு. தொகை பெருகியதால் தைத்தவரின் கூலியும் அவ்வாறே பெருகியது என்று நாம் முடிவு கட்டுதல் தவறாகும்.

நமக்குரிய பாடங்கள்

அன்பு வாசகர்களே, இக்கதை திருப்பூருக்கு மட்டும் உரியதன்று. தையலகமோ, தச்சுப்பட்டறையோ, மீன் வலையோ, சிறு கடையோ வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகள் தோறும் உள்ளன. அவர்களுக்கென நான்கு கருத்துகளைக் கூற விரும்புகிறோம்.

ஒன்று, தொழிலுக்கு ஒரு பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் நாள் தொடங்கிய உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். பதிவும் வங்கிக் கணக்கும் ஒழுங்கான வரவு செலவுக் குறிப்பும் இல்லாதவரை இடர்காலத்தில் எந்தத் திட்டமும் தேடி வராது.

இரண்டு, வேலை செய்தால் கூலி காலத்தே வர வேண்டும். பதிவு செய்த குறுந்தொழில், சிறுதொழிலினருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சட்டம். தாமதித்தால் வட்டியும் உண்டு. தனியே கேட்டால் அடுத்த வேலை கிடைக்காதோ என்று அஞ்சுவோர் சங்கமாகக் கேட்கலாம். பெரிய நிறுவனம் நடத்தும் நம்மவர்க்கும் ஒரு சொல்: சிறியவரின் பாக்கியை முதலில் தீருங்கள். அது தருமம் அன்று, கடமை.

மூன்று, நல்ல காலத்தில் சேமியுங்கள். மூன்று மாதச் செலவுக்கான தொகை கையிருப்பில் இருந்த குடும்பம் நகையை இழக்காமல் தப்பும். மகளிர் குழுச் சேமிப்பு அதற்கு ஏற்ற எளிய வழி.

நான்கு, நம்மூருக்கு உழைக்க வந்தவரை அந்நியராகக் கருதாதீர்கள். 2020 அக்டோபர் முதல் நம் மாநிலமும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் உள்ளது. தம் மாநில அட்டையைக் கொண்டு இங்கேயே அரிசி பெறலாம் என்பதை அறியாத பக்கத்து வீட்டாருக்கு அதை எடுத்துச் சொல்வதும் ஓர் உதவியே. அவர்கள் ரயிலேறிய நாட்களில்தான் அவர்கள் உழைப்பின் அருமை நமக்குப் புரிந்தது.

இடர் மீண்டும் வராது என்று யாரும் உறுதி கூற இயலாது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் மறுபடியும் திகைத்து நின்றது. ஓர் ஊர் மீண்டதா என்பதைத் துறைமுகக் கணக்கு மட்டும் காட்டிவிடாது. நாலு இயந்திரம் வைத்திருக்கும் வீட்டிலும் சனிக்கிழமை மாலை அடுப்பு அமைதியாய் எரிகிறதா என்று பாருங்கள். அங்கே எரிந்தால், ஊர் மீண்டது என்று நாம் நிறைவாய்ச் சொல்லலாம்.