நாளைக்கு எத்தனை சாப்பாடு? கல்லூரி மாணவர்களுக்கான எடுப்புச் சாப்பாட்டுக் கணக்கு

குறைஞ்ச விலையில சமைச்சு காலேஜ் பிள்ளைங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தா கட்டுப்படியாகுமா? வீட்டு அடுப்பையும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வண்டியையும் வச்சு ஏதாவது தொழில் செய்யலாம்னு நினைக்கிறவங்களுக்கு முதல்ல தோணுற யோசனை இதுதான். கைமணம் இருக்கிறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். ஆனா இந்தத் தொழில்ல கைமணத்துக்கு முன்னாடி பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: நாளைக்கு எத்தனை சாப்பாடு? இந்த எண்ணிக்கை முந்தின நாள் ராத்திரியே தெரிஞ்சா தொழில் நிக்கும். தெரியலைன்னா நல்ல சமையலும் நட்டத்துலதான் முடியும். ஏன்னு பார்ப்போம்.

மாணவர் கையில எவ்வளவு இருக்கு?

விலையை நம்ம செலவுல இருந்து தொடங்கிப் போடறது வழக்கம். இங்க சாப்பிடறவங்க கையில இருந்து தொடங்கணும். கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி பக்கத்துப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் காலையிலேயே பஸ் ஏறிப் படிக்கப் போறவங்க. அரசுப் பள்ளியில படிச்சு வந்த மாணவிகளுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல வந்துச்சு. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. பல வீடுகள்ல பிள்ளையோட கைச்செலவுக்கு அந்த ஆயிரம்தான் ஆதாரம்.

இப்ப கணக்கு போடுங்க. மாசத்துக்கு 22 நாள் கல்லூரி. மதியச் சாப்பாடு 50 ரூபாய்னா 1,100 ஆகுது, உதவித்தொகையைத் தாண்டிடுச்சு. 35 ரூபாய்னா 770. நோட்டு, ஜெராக்ஸ் செலவுக்கு 230 மிஞ்சும். அதனால நம்ம இலக்கு விலை 35 பக்கத்துலதான் இருக்க முடியும். இந்த விலைக்கு சாதம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல்னு முழுச்சாப்பாடு கொடுக்க முடியாது. கலவை சாதமும் ஒரு தொட்டுக்கையும் கொடுக்கலாம்.

ரெண்டு முன்னுதாரணம்

மலிவுச் சாப்பாடுன்னா உடனே நினைவுக்கு வர்றது அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில சென்னையில தொடங்கினப்ப இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பசிக்குப் பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனா அந்த விலை சமையல் செலவுல இருந்து வந்தது இல்லைங்க. மிச்சத்தை மாநகராட்சியும் அரசும் ஏத்துக்கிச்சு. நமக்குப் பின்னாடி அப்படி யாரும் இல்லை. அதனால அந்த விலையை நாம பின்பற்ற முடியாது. சில உணவு வகை, குறிச்ச நேரம், பெரிய அளவுல ஒரே சமையல்ங்கிற முறையை எடுத்துக்கலாம்.

ரெண்டாவது மும்பை டப்பாவாலாக்கள். 1890-ல மகாதேவ் ஹாவாஜி பச்சே சுமார் நூறு பேரோட தொடங்கினது. கொரோனாவுக்கு முன்னாடி ஏறக்குறைய 5,000 பேர், தினம் சுமார் 2 லட்சம் டப்பாக்களைக் கொண்டுபோனாங்க. மூடியில எழுதின எழுத்து, எண், நிறக் குறியீட்டை வச்சே எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எந்த மாடின்னு கண்டுபிடிச்சாங்க. நாம கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. அங்க தினமும் ஆர்டர் வாங்கற வேலை கிடையாது. மாசக் கட்டணம், அதே ஆள், அதே நேரம். நாளைக்கு எத்தனை டப்பான்னு இன்னைக்கே தெரியும்.

ஸ்விக்கி, சொமேட்டோ முறை இதுக்கு நேரெதிர். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியா ஒரு வண்டி ஓடணும். 35 ரூபாய் சாப்பாட்டுக்குப் பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டினா பெட்ரோலும் ஆள் கூலியும் சாப்பாட்டு விலையை முழுங்கிடும். குறைஞ்ச விலைக்கு ஒரே வழி, எல்லாச் சாப்பாடும் ஒரே வண்டியில, ஒரே வாசலுக்கு, ஒரே நேரத்துல போறதுதான்.

80 சாப்பாட்டுக் கணக்கு

கீழே இருக்கிற தொகைகள் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டவை. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கங்க.

ஒருத்தருக்கு 150 கிராம் அரிசின்னு 80 பேருக்கு 12 கிலோ. அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 16 ரூபாய்னா 1,280. கேஸ் 150. அரைநாள் உதவியாள் கூலி 350. பெட்ரோல் 100. சில்லறைச் செலவு 120. மொத்தம் 2,000 ரூபாய்.

80 சாப்பாடும் 35 ரூபாய்க்குப் போனா வரவு 2,800, மிச்சம் 800. அதுல 16 சாப்பாடு விக்காம நின்னா வரவு 2,240. மிச்சம் வெறும் 240. 23 நின்னுட்டா வரவு 1,995, கையில இருந்து 5 ரூபாய் போடணும். பாத்தீங்களா? சமையல் அதேதான், ருசி அதேதான். அஞ்சுல ஒரு பங்கு விக்காம போனதும் மிச்சத்துல பத்துக்கு ஏழு பங்கு காணாமப் போச்சு.

அதனால விக்கிற முறையை இப்படி அமைச்சுக்கணும். வாரச் சந்தா, பணம் முன்கூட்டியே. 6 நாள்னா 210 ரூபாய். வரலைன்னா முந்தின நாள் ராத்திரி 8 மணிக்குள்ள வாட்ஸ்அப்ல சொல்லணும்; சொன்னா அந்த நாள் அடுத்த வாரத்துல சேரும், சொல்லலைன்னா சேராது. இந்த விதியில இளகினா எண்ணிக்கை கை நழுவிடும். அதே சமயம் பிள்ளைங்களையும் ஏமாத்தக் கூடாது. ஒழுங்கா சொன்னவங்களுக்கு ஒரு நாள்கூட விட்டுப்போகாம வரவு வைக்கணும். சந்தா முறையே அந்த நம்பிக்கையிலதான் ஓடும்.

டப்பா அவங்களோடது

80 பொட்டலம் கட்ட நேரமும் செலவும் ஆகும். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து சாப்பாடு கட்டுற பிளாஸ்டிக் தாளுக்கும் கேரி பேக்குக்கும் தடை இருக்கு. சுலபமான வழி, சாதத்தை ரெண்டு பெரிய சூடு தாங்கும் பாத்திரத்துல எடுத்துட்டுப் போய், பிள்ளைங்க கொண்டு வர்ற எவர்சில்வர் டப்பாவுல அளந்து போடறது. 12 கிலோ அரிசி வெந்து கலந்தா முப்பது கிலோவைத் தாண்டும். எக்ஸெல் வண்டி தாராளமா தாங்கும்.

சாம்பார் சாதம், தக்காளி சாதத்தைச் சூடாவே கொண்டுபோகணும், 60 டிகிரிக்குக் குறையாம. அரிசியில இருக்கிற பேசில்லஸ் சீரியஸ்ங்கிற கிருமியோட வித்து கொதியிலயும் சாகாது. வெதுவெதுப்புல கிடந்தா மறுபடி பெருகி வாந்தியில கொண்டுவிடும். வெயில் காலத்துல தேங்காய் சாதத்தைத் தவிர்த்துடுங்க. தயிர் சாதத்துல பாலை ஊத்திக் கொஞ்சமா தயிர் விட்டா மதியத்துக்குப் புளிக்காம இருக்கும். ஒரே ஒரு நாள் பத்துப் பேருக்கு வயித்தாலன்னா தொழில் அன்னையோட முடிஞ்சுது.

காகித வேலை

வீட்டுல சமைச்சு வித்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம், 2011 விதிகள். சின்ன வியாபாரத்துக்கு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனை வரம்பு, 100 ரூபாய் கட்டணம்னு அந்த விதிகள் வச்சது. வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கிறப்ப மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துல கேட்டுக்கங்க. நம்ம கணக்குல 180 நாளுக்கு விற்பனை 5,04,000 ரூபாய்தான். சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம்; அது நமக்கு இப்போதைக்கு வராது. வீட்டு சிலிண்டர்ல வியாபாரச் சமையல் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கணும். கல்லூரி வாசல்ல நிக்க முதல்வர் கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

மீதி 185 நாள்

இந்தத் தொழிலோட பெரிய பள்ளம் இதுதான். 180-ஐ நான் சும்மா போடலை. பருவத்துக்கு 90 வேலை நாள்ங்கிறது பல்கலைக்கழக மானியக் குழு சொல்ற அளவு. 180 நாள் 800 ரூபாய் நின்னா 1,44,000. பன்னிரண்டு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 12,000. அதுவும் ஒரு சாப்பாடுகூட மிஞ்சாத கணக்கு. உங்க உழைப்புக்கான கூலியும் இதுக்குள்ளதான். கடன் வாங்கிப் பாத்திரமும் வண்டியும் எடுத்தா, மே மாசமும் தவணை வரும், சந்தா வராது.

அதனால கல்லூரி நடக்கிற மாசங்கள்லயே வேற எண்ணிக்கையையும் சேர்த்துக்கணும். கடைத்தெரு ஊழியர்கள், அலுவலகம், வங்கி, அரியலூர் பக்கம்னா சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்கள். இருபது பேர் வருசம் முழுக்க வாங்கினாலும் அடுப்பு அணையாது. ஐப்பசி அன்னாபிஷேகம், ஆடித் திருவாதிரைன்னு கங்கைகொண்ட சோழபுரத்துல கூட்டம் கூடுற நாளும் உண்டு. அந்தக் கூட்டத்தை நம்பி அண்டாவை ஏத்தாதீங்க. வேன்ல வர்ற குழுக்கள் முன்பணம் கொடுத்தா மட்டும் சமைங்க. அங்கயும் விதி ஒண்ணுதான்.

தொடங்க நினைச்சா முதல் வாரம் பாத்திரக் கடைக்குப் போகாதீங்க. ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு ஒரே ஒரு கல்லூரி வாசலுக்குப் போங்க. விலையையும் ஆறு நாள் சாப்பாட்டு வகையையும் சொல்லி, வாரப் பணம் கொடுத்த பேரை மட்டும் எழுதுங்க. "கண்டிப்பா வாங்கறேன்க்கா"ன்னு சொல்றவங்களை எழுத வேண்டாம். மேல சொன்ன கணக்குப்படி, சேர்ந்தவங்களுக்கு மட்டும் சமைச்சா, 37 பேர் தாண்டினாத்தான் முதல் ரூபாய் மிஞ்சும். அத்தனை பேர் சேரலைன்னா உதவியாள் இல்லாம வீட்டாளுங்களே சமைக்க முடியுமான்னு பாருங்க. 350 ரூபாய் குறைஞ்சா 20 பேருக்கே கட்டும். அதுவும் சேரலைன்னா அந்த வாசல் சரியில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு, வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த வாசலுக்குப் போங்க. நட்டம் ஒரு நோட்டு விலைதான்.