கத்தி வைக்கும் முன் கல்லீரலைப் படிப்பது எப்படி?

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. மூச்சடக்கி அள்ளிவந்த சிப்பியைத் திறந்த பிறகுதான் உள்ளே முத்து உண்டா என்று தெரியும். கல்லீரலை அப்படித் திறந்து பார்க்க முடியாது. கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, எந்த ரத்தக்குழாயை ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் அறுவைக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

எப்படித் தெரியும்? கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது: ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியே, மீதி தமனி வழியே. ஆனால், கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வளர்கிறது. இதுதான் துப்பு.

கையில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றி, சி.டி. ஸ்கேனில் அடுத்தடுத்துப் படமெடுக்கிறார்கள். சுமார் அரை நிமிடத்தில் தமனி ரத்தம் பாயும்போது கட்டி பளிச்சிடும். ஒரு நிமிடம் கடந்ததும் சிரை ரத்தம் நிறைந்து கல்லீரல் வெளிச்சமாகும், கட்டி மங்கும். ஈரல் சுருக்க நோயாளிகளிடம் இப்படி மின்னி மங்கும் கட்டியை, திசுத் துணுக்கு எடுக்காமலே பெரும்பாலும் புற்று என்று உறுதிசெய்ய முடிகிறது.

வெட்டியபின் எவ்வளவு மிஞ்சும்? அதையும் படங்களே கணக்கிட்டுச் சொல்லும். நல்ல கல்லீரல் என்றால் குறைந்தது 20–25%, சுருங்கிய கல்லீரல் என்றால் சுமார் 40% மிஞ்ச வேண்டும். போதாவிட்டால், வெட்டவிருக்கும் பக்கத்துச் சிரைக் கிளையை முன்கூட்டியே அடைப்பார்கள். சில வாரங்களில் மறுபக்கம் வளரும்.

ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டால்தான் அறுவை கைகொடுக்கும்.