தூரத்து யுத்தமும் ஜனங்களின் நிச்சயமும்

இராக் தேசத்தின் மீது அமெரிக்கா படையெடுத்தது 2003-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில். அதற்கு ஆறு மாதம் கழித்து, செப்டம்பரில், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஓர் அபிப்பிராயக் கணக்கெடுப்பைப் பிரசுரித்தது. 2001-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கையும் வாஷிங்டனையும் தாக்கிய சதியில் ஸதாம் ஹுஸேனுக்கு நேரான பங்கு இருந்திருக்கக்கூடும் என்று அமெரிக்கர்களில் நூற்றுக்கு 69 பேர் நம்பினார்கள் என்பது அக்கணக்கில் கண்ட செய்தி. அந்தத் தாக்குதலை நடத்தியவர் 19 பேர். அவர்களில் 15 பேர் ஸவூதி அராபியர், இருவர் ஐக்கிய அரபு நாட்டார், ஒருவன் எகிப்தியன், ஒருவன் லெபனான் தேசத்தவன். இராக்கியன் ஒருவன்கூட இல்லை. இது அரசாங்கப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்த ரகசியமன்று. தாக்குதல் நடந்து சில வாரங்களுக்குள் எல்லாப் பத்திரிகைகளிலும் வெளியான விவரம்.

பள்ளிக்கூடங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் குறைவில்லாத தேசம் அது. பேச்சுச் சுதந்திரத்தைச் சட்டமே காவல் காக்கும் தேசம். அங்கே பத்துப் பேரில் ஏழு பேர், தம் பிள்ளைகளை அனுப்பிப் போர் புரியும் காலத்தில், யாரோடு எதற்காகப் போர் புரிகிறோம் என்பதை இப்படித் தலைகீழாக அறிந்திருந்தார்கள் என்றால், அதைப் பரிகசித்துவிட்டுப் போவது எளிது. ஜனநாயகத்தில் நம்பிக்கை வைத்து உழைப்பவர்களுக்கோ அது பரிகாசத்துக்குரிய விஷயமாகாது.

சர்க்கார் பொய் சொல்லிற்று, ஜனங்கள் ஏமாந்தார்கள் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவோர் உண்டு. அது பாதி உண்மை. தாக்குதல் நடந்த இரண்டாம் நாளே எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ஸதாமுக்குச் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று நூற்றுக்கு 78 பேர் சொல்லியிருந்தார்கள். அப்போது எந்த மந்திரியும் அவர்களுக்கு அதைப் போதித்திருக்கவில்லை. ஆயினும் 1991-ஆம் வருஷத்துக் குவைத் யுத்தம் முதல், அராபிய தேசத்துப் பகைவன் என்றால் அவர்கள் நன்கு அறிந்த முகம் அது ஒன்றே. தெரியாத இடத்தில் தெரிந்த பெயரை வைத்து நிரப்பிக்கொள்வது மனித சுபாவம். அறியாமையை நாம் வெற்றுப் பாத்திரமாக எண்ணிக்கொள்கிறோம். அப்பாத்திரம் வெற்றாக இருந்திருந்தால் அபாயம் இல்லை. அது விளிம்புவரை நிறைந்திருந்தது. உண்மையை ஊற்றுவதற்குத்தான் இடமில்லை.

விதை ஜனங்களிடம் இருந்தது; நீர் பாய்ச்சியவர்கள் ஆட்சியாளர்கள். பாய்ச்சிய விதமும் சாமர்த்தியமானது. "ஸதாம்தான் செய்தான்" என்று ஜனாதிபதி புஷ் ஒருநாளும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. செப்டம்பர் 11 என்பதை ஒரு வாக்கியத்திலும், இராக் என்பதை அதற்கடுத்த வாக்கியத்திலும் வைத்துப் பேசினார். 2003-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, ஆபிரஹாம் லிங்கன் என்ற போர்க்கப்பலின் மேல்தளத்தில் நின்று அவர் செய்த பிரசங்கத்தைப் படித்துப் பார்த்தால் இந்தச் சூத்திரம் விளங்கும். 2001-இல் தொடங்கிய யுத்தத்தில் ஒரு வெற்றி இராக்கில் கிடைத்தது என்பது அதன் சாரம். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே உள்ள பாலத்தைக் கேட்பவனே கட்டிக்கொள்ள வேண்டும், கட்டிக்கொண்டான். வேறொருவன் சொன்ன பொய்யைச் சந்தேகிக்கலாம். தானே கண்டுபிடித்ததாக நினைப்பதை எவன் சந்தேகிப்பான்? கடைசியில் 2003-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி, ஸதாமுக்கு அத்தாக்குதலில் சம்பந்தம் உண்டென்பதற்கு அத்தாட்சி இல்லை என்று அதே ஜனாதிபதி வாய் திறந்து சொன்னார். அதற்குள் அமெரிக்கப் படை பாக்தாத் நகரில் புகுந்து ஐந்து மாதம் கடந்துவிட்டது.

பத்திரிகைகள் என்ன செய்தன? 2002-ஆம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி நியூயார்க் டைம்ஸ் தன் முதற் பக்கத்தில், இராக் அணுகுண்டுக்கு வேண்டிய அலுமினியக் குழாய்களைத் தேடுகிறது என்று எழுதியது. செய்தியைக் கொடுத்தவர்கள் பெயர் சொல்லாத சர்க்கார் அதிகாரிகள். அன்றே உதவி ஜனாதிபதி செனி டெலிவிஷனில் தோன்றி, பத்திரிகையே எழுதியிருக்கிறது பாருங்கள் என்ற தோரணையில் அதை எடுத்துக் காட்டினார். தன் பணத்தையே ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கி வரவு எழுதும் வியாபாரியின் கணக்கு இது. சந்தேகித்து எழுதியவர்களும் இருந்தார்கள். நைட் ரிடர் என்ற பத்திரிகைக் கூட்டத்தின் நிருபர்களான ஜானதன் லாண்டே, வாரன் ஸ்டிரோபெல் இருவரும் உளவு இலாகாவின் கீழ்த்தட்டு உத்தியோகஸ்தர்களை விசாரித்து, அத்தாட்சி பலவீனமானது என்று மாதக்கணக்கில் எழுதி வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ சொந்தப் பத்திரிகை கிடையாது. ஆதலால் மந்திரிகளும் சபை அங்கத்தினர்களும் காலையில் கையில் எடுத்த தாள்களில் அவர்கள் எழுத்து இல்லை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் வால்டர் பிங்கஸ் என்னும் அனுபவசாலி, சர்க்காரிடம் திட்டமான ஆதாரம் இல்லை என்று யுத்தத்துக்குச் சில நாள் முன்பு எழுதினார். அது அச்சானது 17-ஆம் பக்கத்தில். நியூயார்க் டைம்ஸ் தான் எழுதியவற்றில் குறை கண்டு 2004-ஆம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி ஒரு குறிப்பு வெளியிட்டது, அதுவும் உள்பக்கத்தில். தவறு முதற் பக்கத்திலும் திருத்தம் பத்தாம் பக்கத்திலும் வருவது பத்திரிகைத் தொழிலின் பழைய வியாதி. எங்கள் இனத்தாரைப் பற்றியதாகையால் இதை மழுப்பாமல் சொல்லுகிறோம்.

இந்த நம்பிக்கைகளால் யுத்தத்தின் மீது என்ன விளைந்தது என்பதை மேரிலாண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2003-ஆம் வருஷத்தில் அளந்து பார்த்தார்கள். இராக்குக்கும் அல்கொய்தாவுக்கும் கூட்டு என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. நாச ஆயுதங்கள் அகப்பட்டுவிட்டன. உலகம் யுத்தத்தை ஆதரிக்கிறது என்ற மூன்று தப்பெண்ணங்களில் ஒன்றேனும் நூற்றுக்கு 60 பேரிடம் இருந்தது. மூன்றும் இல்லாதவர்களில் யுத்தத்தை ஆதரித்தவர் நூற்றுக்கு 23 பேர். மூன்றும் உடையவர்களில் 86 பேர். பாக்ஸ் டெலிவிஷனையே செய்திக்கு நம்பியவர்களில் நூற்றுக்கு 80 பேரிடம் ஏதேனும் ஒரு தப்பெண்ணம் இருந்தது. பொதுநல ரேடியோ, டெலிவிஷன் நேயர்களிடம் 23 பேருக்கே இருந்தது. எல்லோரும் ஒரே ஊரில் ஒரே வருஷத்தில் வாழ்ந்தவர்கள்தாம்.

பதினோரு வருஷம் கழித்து உக்ரேனில் கலகம் மூண்டபோது மூன்று அரசியல் சாஸ்திர பண்டிதர்கள் வேறொரு சோதனை செய்தார்கள். 2,066 அமெரிக்கர்களிடம் தேசப் படத்தைக் கொடுத்து உக்ரேன் எங்கே என்று கேட்டார்கள். ஆறு பேரில் ஒருவர்தாம் சரியாகத் தொட்டார். விசேஷம் அதுவன்று. உண்மையான இடத்துக்கு எவ்வளவு தொலைவில் விரல் வைத்தார்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு அங்கே பட்டாளம் அனுப்பவேண்டும் என்ற ஆவல் மிகுந்திருந்தது.

ஜனங்களை மட்டும் குறை கூறுவது நியாயமில்லை. வயலிலும் ஆலையிலும் உழைப்பவன் டைகிரீஸ் நதி எங்கே என்று அறியாதது பெருங்குற்றமன்று. அறிவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே! 2002-ஆம் வருஷம் அக்டோபரில் இராக் மீது பலாத்காரம் பிரயோகிக்க அதிகாரம் கொடுக்கும் தீர்மானம், பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133 என்றும், செனட் சபையில் 77-க்கு 23 என்றும் நிறைவேறியது. உளவு இலாகாக்கள் சேர்ந்து தயாரித்த தொண்ணூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ரகசிய அறிக்கை அங்கத்தினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. சந்தேகங்கள் அதன் உள்ளேதான் இருந்தன. அதை முழுதும் படித்த செனட்டர்கள் மிகச் சிலரே. படித்தவர்களில் ஒருவரான பாப் கிரஹாம் எதிராக வோட்டளித்தார்.

2006-ஆம் வருஷம் இராக்கிலேயே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களைக் கேட்டார்கள். நீங்கள் வந்த காரியம் என்ன? செப்டம்பர் 11-இல் ஸதாமின் பங்குக்குப் பழி வாங்குவதே முக்கிய நோக்கம் என்றார்கள் நூற்றுக்கு 85 பேர். ஜனாதிபதி மறுத்து இரண்டரை வருஷமாகியும், உயிரைப் பணயம் வைத்தவனுக்கு அந்த மறுப்பு எட்டவில்லை. 2007-ஆம் வருஷம் பிப்ரவரியில் இன்னொரு கணக்கு. தம் சிப்பாய்கள் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை அமெரிக்க ஜனங்கள் ஏறக்குறையச் சரியாகச் சொன்னார்கள்: சுமார் மூவாயிரம். இராக்கியக் குடிஜனங்கள்? அவர்கள் மதிப்பு பதினாயிரத்துக்கும் கீழே. பத்திரிகைச் செய்திகளைக் கொண்டு எண்ணியதிலேயே அது அப்போது ஐம்பதினாயிரத்தைத் தாண்டியிருந்தது. எண்ணும் சக்தி அவர்களுக்கு இல்லாமலில்லை. யாரை எண்ணுவது என்பதில்தான் பேதம்.

நம் தேசத்தின் கதை என்ன? 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் இதே இராக்குக்கு இந்தியச் சிப்பாய்களும் ஏவலாளர்களுமாக ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டார்கள். குட் என்னும் ஊரில் ஐந்து மாத முற்றுகைக்குப் பின், 1916-ஆம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி துருக்கியரிடம் சரணடைந்த சுமார் பதின்மூவாயிரம் பேரில் பெரும்பாலோர் இந்தியரே. அவர்களை அனுப்பலாமா என்று இங்கே எவரையும் கேட்டவரில்லை. 2003-இல் கேட்கப்பட்டது, பார்லிமெண்டு ஏப்ரல் 8-ந் தேதி படையெடுப்பைக் கண்டித்துத் தீர்மானித்தது, பட்டாளம் அனுப்பும்படி அமெரிக்கா வேண்டியதை ஜூலை 14-ந் தேதி வாஜ்பாய் சர்க்கார் மறுத்தது. நாம் அமெரிக்கர்களைவிடப் பூகோளம் அறிந்தவர்கள் என்று இதற்காக மார்தட்டிக்கொள்ள வேண்டாம். 1990-இல் குவைத்திலிருந்தும் இராக்கிலிருந்தும் அம்மான் நகர் வழியாக விமானத்தில் மீட்கப்பட்ட இந்தியர் சுமார் 1,70,000 பேர். வளைகுடாவிலிருந்து மணியார்டர் வரும் வீடுகளில் அந்த யுத்தம் தூரத்து யுத்தமே அன்று.

அப்படி வீட்டுத் தொடர்பு இல்லாத இடத்தில் நாம் எப்படி என்று பார்க்க வேண்டும். இராக் யுத்தம் நடந்த அதே வருஷங்களில் காங்கோ தேசத்தில் போராலும், போர் விளைத்த பசி பிணிகளாலும் மாண்டோர் தொகை லட்சக்கணக்கில் சொல்லப்பட்டது. அங்கே ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் கொடியின் கீழ் நம் சிப்பாய்கள் பல வருஷம் காவல் நின்றார்கள். 2012-ஆம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி அத்தேசத்தின் கீழ்ப்பகுதியில் கோமா நகரம் கலகக்காரர் வசமானபோது, அந்த மாகாணத்தில் இருந்த ஐ. நா. படையில் பெரும்பங்கு இந்தியருடையது. அச்செய்தி நம் பத்திரிகைகளில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று நினைவுள்ளவர் நம்மில் எத்தனை பேர்?