ஓடுற வரைக்கும் ஓடட்டும் – 14: அன்னம் ஒட்டிய கார்

சக்கரம் உருளும்போது ஸ்டியரிங் ஆடுவது ஒரு வியாதி. டயர், ரிம், பால் ஜாயின்ட், டை ராடு என்று அதைப் போன வாரமே ஒரு வழி பண்ணியாகிவிட்டது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தது, நின்ற இடத்திலேயே நடுங்கும் ஸ்டியரிங். அதிலும் குறிப்பாக, ஏ.சி. போட்டதும் வருகிற நடுக்கம். ஏ.சி. வரைக்கும் இன்று போய்ச் சேருவேனா என்பது சந்தேகம்தான். காரணம், ஓர் அன்னப்பறவை. வருகிறேன்.

சிக்னலில் நிற்கிறீர்கள். கியர் நியூட்ரல். உள்ளங்கையில் ஸ்டியரிங் விர்ரென்று துடிக்கிறது, டாஷ்போர்டும் கூடச் சேர்ந்து முனகுகிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் மாயமாகிவிடும். காலை எடுத்தால் மறுபடி ஆரம்பம். என் மச்சினருடைய மாருதி 800-க்கு இதுதான் நோய். கார்பரேட்டர் காலத்து வண்டி. அவர் நேராக ஒரு வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனார்; பேலன்ஸிங்கும் சேர்த்துச் செய்துகொண்டு, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தார். நடுக்கம் அப்படியே இருந்தது. இருக்காதா? சுற்றாத சக்கரத்தின் மேல் எப்படிப் பழி போடுவது? நிற்கிற வண்டியில் சுற்றுவது இன்ஜினும், அதோடு சேர்ந்து ஓடுகிற சில்லறைச் சாமான்களும் மட்டும்தான்.

ஆகவே கேள்வி ஒன்றுதான். இன்ஜின் வழக்கத்தைவிட அதிகமாகக் குலுங்குகிறதா? அல்லது எப்போதும்போலத்தான் குலுங்குகிறதா, அந்தக் குலுக்கல் உங்கள் கைக்கு வந்து சேரும் வழி மட்டும் புதிதாகத் திறந்துகொண்டதா? பெரும்பாலான பட்டறைகளில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமலேயே பிளக்கை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, கடைசியில் ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஐட்லிங் ஏறினால் நடுக்கம் மறையும். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். நோய் உள்ளேயே இருக்கும்.

பிரித்துப் பார்க்கக் கை போதும். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிக்கிறது. நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால் 1,600 அடி; வினாடிக்கு ஏறக்குறைய 27. மாருதி 800-இல் மூன்றே சிலிண்டர். ஒரு சுற்றுக்கு ஒன்றரை அடி. ஐட்லிங் 900 என்று வைத்தால் வினாடிக்கு 22 அல்லது 23. இந்த வேகத்தைக் கையால் எண்ண முடியாது; ஒரே சீரான துடிப்பாகத்தான் தெரியும். ஆனால் ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், அது விடுகிற இடைவெளி வினாடிக்கு ஏழெட்டு முறைதான் வரும். அது துடிப்பாகத் தெரியாது, தட்தட்டென்று தனித்தனி உதையாகத் தெரியும். 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். சைலன்சர் வாயில் கைக்குட்டையைப் பிடித்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும்: சீராகப் படபடக்க வேண்டிய துணி நடுநடுவே உள்பக்கம் இழுபடும்.

எந்தச் சிலிண்டர் என்று தெரிய, டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய வண்டியில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றினாலும் இன்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாத சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலைநிறுத்தத்தில் இருப்பது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள், கழற்றிய ஒயரின் முனையை பாடியோடு எர்த் பண்ணிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிளக்குக்கு ஒரு காயில் வைத்த புது வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம். மச்சினர் வண்டியில் மூன்றும் ஒழுங்காக அடித்தன. கைக்குட்டையும் சமர்த்தாகப் படபடத்தது. அப்படியானால் வழி திறந்திருக்கிறது. அந்த வழிக்கு வாசல் காக்கிற ஆள், இன்ஜின் மவுண்டிங். ஒரு ரப்பர் துண்டு, அதன் இரண்டு பக்கமும் இரும்பு.

இந்த ரப்பர் துண்டின் பூர்வீகத்தைத் தேடப் போய்த்தான் இந்த வாரம் பிடிபட்டேன்.

1931. அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடக்கிறது. ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் கார்கள் வழவழவென்று ஓடுகின்றன, ஆனால் வாங்கக் கையில் காசில்லை. நாலு சிலிண்டர் மலிவு, ஆனால் நின்றால் பல்லைக் கிட்டவைக்கும். கிரைஸ்லர் கம்பெனியின் மலிவு விலைக் கிளை பிளிமத். அந்த வருஷம் அது பி.ஏ. என்ற மாடலை வெளியிட்டது. உள்ளே நாலு சிலிண்டர்தான். எட்டு சிலிண்டரின் மென்மை, நாலு சிலிண்டரின் சிக்கனம் என்பது விளம்பரம். அந்த வித்தைக்கு அவர்கள் வைத்த பெயர் ஃப்ளோட்டிங் பவர்.

இன்ஜினுக்கு அடியில் ரப்பர் வைப்பது அதற்கு முன்பே இருந்தது. கிரைஸ்லர்காரர்கள் கண்டது ரப்பரை அல்ல, அதை எங்கே வைப்பது என்பதை. ஒரு கத்தரிக்காயை எடுத்து நெடுக ஒரு கம்பியைக் குத்துங்கள். நடுவயிற்றின் வழியாகக் குத்தினால் சுழற்றும்போது கம்பி விரலில் அமைதியாக இருக்கும். ஓரமாகக் குத்தினால் விரலைப் போட்டு இழுக்கும். காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த கட்டைக்கும் அப்படி ஒரு கம்பிக்கோடு உண்டு. அது கிராங்க் ஷாஃப்டின் கோடு அல்ல என்பதுதான் விசேஷம். முன்பக்கம் உயரத்தில் தொடங்கி, எடை மையத்தின் வழியாக, பின்பக்கம் தாழ இறங்குகிற சாய்ந்த கோடு. ஆகவே முன்னால் வாட்டர் பம்ப்புக்குக் கீழே உயரமாக ஒரு ரப்பர், பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் தாழ்வாக இன்னொன்று. அவ்வளவுதான். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இன்ஜின் இஷ்டப்படி இடமும் வலமும் உருளலாம். அளவுமீறி உருண்டுவிடாமல் தடுக்கப் பக்கவாட்டில் ஒரு பட்டை ஸ்பிரிங். ஒவ்வோர் எரிப்பும் கிராங்க்கை ஒரு பக்கம் முறுக்கும்போது, இன்ஜின் கட்டை எதிர்ப்பக்கம் முறுகத்தான் செய்யும். அதை இறுக்கிக் கட்டித் தடுக்க முயன்றது பழைய வழி. ஆடிக்கொள், ஆனால் அந்த ஆட்டத்தை வெளியே விடாதே என்றது இந்த வழி.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மூன்றாவது பிளிமத்தை வால்டர் கிரைஸ்லர் தானே ஓட்டிக்கொண்டு ஹென்றி ஃபோர்டைப் பார்க்கப் போனார் என்று ஒரு கதை உண்டு. ஃபோர்டையும் அவர் மகன் எட்செலையும் ஏற்றி ஒரு சுற்று. பிறகு காரை அங்கேயே அன்பளிப்பாக விட்டுவிட்டு, டாக்சி பிடித்து வீடு திரும்பினாராம். போட்டிக்காரனுக்கு இதைவிட மரியாதையாக யாரும் வயிற்றெரிச்சல் கொடுத்ததில்லை.

இனி அன்னம். பிரான்சில் ஆந்த்ரே சிட்ரோயென் இந்த உரிமத்தை வாங்கி, 1932-இல் தன் கார்களில் பொருத்தினார். மிதக்கும் இன்ஜின் என்று அங்கே பெயர். மக்களுக்கு ரப்பர், எடை மையம் என்று பாடம் நடத்தினால் எடுபடுமா? அவர் நீரில் மிதக்கும் அன்னத்தைப் பிடித்தார். சிட்ரோயெனின் இரட்டைக் கோண முத்திரைக்கு முன்னால் வெள்ளை அன்னம் ஒன்று நீந்துவதுபோல் காரின் முகப்பில் ஒட்டிவிட்டார். ஒரு ரப்பர் துண்டுக்கு உலகத்தில் கிடைத்த மிக அழகான விளம்பரம் இதுதான் என்பது என் கட்சி. அந்தப் பழைய ரேடியேட்டர் முகப்புகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே இந்த வாரத்தின் பாதியை ஓட்டிவிட்டேன். ஆசிரியரிடமிருந்து போன் வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இன்று நம் திருவள்ளூர் ஆலையிலிருந்து சிட்ரோயென் சி3 வருகிறது. முகப்பில் கோணம் இருக்கிறது, அன்னம் இல்லை. உள்ளே இருப்பதோ மூன்று சிலிண்டர். அன்னத்துக்கு வேலை இருக்கிற இடம்தான்!

சரி, மச்சினர் வண்டிக்கு வருவோம்.

மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்த இன்ஜினுக்குச் சொந்தமாக ஓர் ஆட்டக் கணக்கு உண்டு. பிடித்துத் தள்ளிவிட்டால் வினாடிக்கு இத்தனை முறை என்று ஆடி அடங்கும். எரிப்பின் அடி அந்தக் கணக்கைப்போல் 1.41 மடங்குக்கு மேலே இருந்தால்தான் ரப்பர் அதை விழுங்கும். கீழே இருந்தால் விழுங்காது, ஊதிப் பெருக்கும். உதாரணத்துக்கு, புது ரப்பரில் இந்தக் கணக்கு 10 என்று வைப்போம். வாசல் 14; அதற்கு மேல் எல்லாம் நிம்மதி. மாருதியின் 22 சுகமாகத் தாண்டிவிடுகிறது. வருஷக்கணக்காக இன்ஜின் சூட்டில் வெந்து, ஆயிலில் ஊறி, ரப்பர் விறைத்து அதே கணக்கு 16-க்கு ஏறிவிட்டால்? வாசல் 22.6-க்குப் போய்விடும். ஐட்லிங் அடி அதற்குக் கொஞ்சம் கீழே மாட்டிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் நடுக்கம் மறைகிற மர்மம் இவ்வளவுதான்: அடியின் வேகம் வாசலைத் தாண்டிவிடுகிறது. ரப்பர் விறைக்காமல் கிழிந்தே போனாலும் முடிவு இதேதான். இரும்பு இரும்பைத் தொடும். அப்புறம் கணக்கும் வேண்டாம், வாசலும் வேண்டாம்.

ஆகவே மவுண்டிங் வாங்க வேண்டும். புதுப்பேட்டைக்குப் போனோம்.

"ஒரிஜினல் வேணுமா சார், லோக்கல் போதுமா?"

"என்னண்ணே வித்தியாசம்?"

"ஒரிஜினல் ரப்பர் சாஃப்ட்டா இருக்கும். லோக்கல் நல்லா ஹார்டு சார். ஹெவி டியூட்டி. ஆயுசுக்கும் உழைக்கும்."

மச்சினர் கை லோக்கலுக்கு நீண்டது. "மாப்ளே, உழைக்கும்ங்கிறாரே!" என்றார். உழைக்கும். விறைத்த ரப்பரால் வந்த நோய்க்கு, பிறக்கும்போதே விறைத்த ரப்பர் மருந்தாகாது. புது மவுண்டிங் போட்ட பிறகுதான் சார் அதிகமாச்சு என்று புலம்புகிறவர்கள் பலருடைய கதை இதுதான். கொஞ்சம் பிற்காலத்து வண்டிகளில் சில மவுண்டிங்குகளுக்குள் திரவம் இருக்கும்; இரண்டு அறை, நடுவே ஒரு குறுகிய பாதை, ஆட்டத்துக்கு ஏற்ப அங்கும் இங்கும் ஓடும். அது ஒழுகினால் அடியில் பிசுபிசுவென்று கசிவு தெரியும். அதற்குப் பதிலாக விலை குறைவென்று வெறும் ரப்பர்க் கட்டையை மாட்டினால், ஸ்டியரிங் முன்பைவிட அதிகமாகத் துடிக்கும்.

வாங்குவதற்கு முன் சோதனை. பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமாக விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ரிவர்ஸில். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கவே கூடாது. நல்ல மவுண்டிங்கில் இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். செத்ததில் எழும்பிக் குதிக்கும். விறைத்துப்போனதோ அசையவே அசையாது. அதைப் பார்த்து 'கெட்டியா இருக்கு' என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

மாட்டும்போது ஒரு சூட்சுமம், இதைப் பலர் செய்வதில்லை. எல்லா போல்ட்டையும் ஒரே மூச்சில் முறுக்கி இறுக்கிவிட்டால் ரப்பர் ஏதோ ஒரு பக்கம் முறுகியபடியே மாட்டிக்கொள்ளும். முறுகிய ரப்பர் பாதி விறைத்த ரப்பர். போல்ட்டுகளை மரையில் பிடிக்கிற அளவுக்கு மட்டும் தளர்வாக வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். அது தானே குலுங்கித் தனக்கு வசதியான இடத்தில் உட்காரும். நிறுத்திவிட்டு, பிறகு இறுக்குங்கள். கிளட்ச் வேலையோ டைமிங் பெல்ட் வேலையோ முடிந்து வந்ததிலிருந்துதான் நடுக்கம் என்றால், புது மவுண்டிங் வாங்கும் முன் இதை மட்டும் செய்து பாருங்கள். செலவில்லை.

மச்சினர் வண்டியில் ஒரிஜினல் போட்டு, இப்படியே இறுக்கினோம். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் கால்வாசி சைலன்சரில் இருந்தது. அதைத் தொங்கவிடும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்து, குழாய் பாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மவுண்டிங் என்ற வாசலை அடைத்தாலும் இந்தக் கொல்லைப்புற வழி திறந்தே கிடந்தால் நடுக்கம் அதன் வழியாக வரத்தான் செய்யும். ஸ்டியரிங் தண்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட் தளர்ந்தாலும் இதே கதைதான். தண்டின் சொந்த ஆட்டக் கணக்கு இறங்கி, ஐட்லிங் அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஏ.சி. நடுக்கம்? பக்கம் முடிந்துவிட்டது. கம்ப்ரஸர், ஐட்லிங்கை ஏற்றிவிடும் சின்ன வால்வு, அதற்கு வரும் வேக்குவம் குழாய் எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் ஒன்றைக் கவனித்து வையுங்கள்: ஏ.சி.யை அணைத்துவிட்டு இன்ஜினைச் சூடாக ஓடவிடுங்கள். நடுக்கம் விட்டு விட்டு வருகிறதா? வரும்போதெல்லாம் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா? ஆம் என்றால் குற்றவாளி கம்ப்ரஸர் அல்ல. பெரும்பாலும் இறக்கை உடைந்த ஃபேன்.