டிக்கட் வெட்டும் முன்

சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் கையில் நோய் நிர்ணய அட்டை இருக்கும். செய்த சிகிச்சை, தந்த மருந்து, அடுத்த கிளினிக் நாள் எல்லாம் அதில் உண்டு, ஆங்கிலத்தில். இலங்கையில் தமிழ் அரச கரும மொழியானது 1987இல். அட்டைக்கு அது இன்னும் எட்டவில்லை. ஆகவே வெலிமடை ஆதார வைத்தியசாலையிலோ பதுளையிலோ ‘டிக்கட் வெட்டியாச்சு’ (வீட்டுக்குப் போகலாம்) என்றதும் பையைத் தூக்கிவிடாமல், அட்டையில் உள்ளதைத் தமிழ் தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசித்துக் கேட்பது அவசியம்.

தோட்டத்து நோயாளிக்குப் பெரிய கேள்வி பாரம். ‘பாரமான வேலை வேண்டாம்’ என்ற ஒற்றை வரி, மலைச்சரிவில் கொழுந்தும் விறகும் தண்ணீரும் சுமக்கும் பெண்ணுக்குப் போதாது. ஹேர்னியா, சிசேரியன் போன்ற வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பாரம் தூக்கக்கூடாது. மேல்தோல் ஒட்டினாலும் உள்ளே தைத்த படலம் வலுப்பெற அவ்வளவு காலம் வேண்டும். எத்தனை நாள், எத்தனை கிலோ, மேடு ஏறலாமா என்று கேட்டு, மருத்துவச் சான்றிதழையும் அன்றே வாங்க வேண்டும். கங்காணியிடம் வாய்ப்பேச்சு எடுபடாது. பாரம் தூக்கக்கூடாது என்பதற்காகப் படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். லயத்து வாசலில் மெல்ல நடப்பது நல்லது.

வயிற்றுத் தையலைப் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். மூட்டுப் பகுதியில் இரண்டு வாரம் வரை ஆகும். தோட்ட மருந்தகத்திலேயே மருந்து கட்டலாமா என்பதையும் கேட்கலாம். காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ பூசக்கூடாது. பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை ஒதுக்குவது வீட்டார் அன்போடு செய்யும் கெடுதல். சதை கூடப் புரதம் வேண்டும்.

வலிக்கு 500 மில்லிகிராம் பரசிட்டமோலை வளர்ந்தவர் ஒருவர் 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் விழுங்கக்கூடாது. கடையில் வாங்கும் பெனடோலும் அதே மருந்துதான், கணக்கில் சேரும். நிறுத்திவைத்த நீரிழிவு, இரத்த உறைவு மாத்திரைகளை மீண்டும் தொடங்கும் நாளை வைத்தியரே சொல்ல வேண்டும்.

38 பாகை செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், காயத்தில் சீழ், ஓயாத வாந்தி, சிறுநீர் போகாமை ஆகியவற்றுக்கு உடனே திரும்பிப் போக வேண்டும். காயத்தொற்று 30 நாள் வரைகூட வரலாம். ஒற்றைக் கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம்; இலவசம். வண்டி லயம்வரை வராத தோட்டங்களில், பாதை வரை தூக்கிவர ஆள் யார் என்பதை முன்பே பேசிவைப்பது நல்லது.

வெட்டியெடுத்த கட்டி பரிசோதனைக்குப் போயிருந்தால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். காயம் ஆறியதும் பலர் மறப்பது இதைத்தான். அது புற்றுநோயா இல்லையா என்பதைச் சொல்வது அந்த அறிக்கையே. எந்தக் கிளினிக்கில், எந்தத் தேதியில் அதைப் பார்ப்பது என்று அட்டையிலேயே எழுதி வாங்க வேண்டும்.